சுவரை ஒட்டி மேய்ந்த மான்கள்

மனிதர்களைப் பற்றி அறிய மனிதர்களிடம் கேட்காத ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் சேவூரில் யாருக்கும் விளங்காது. எங்கள் தெருவுக்கு அவர் மான்காரம்மா. தபால்காரர் ஒருவருக்குத்தான் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவரும் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டதை நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு மாடியறையை வாடகைக்குப் பார்க்க வந்த அன்றே அவர் என் அம்மாவைக் கலங்க வைத்துவிட்டார்.

"ஏனுங்க, தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வருமுங்க. கரண்டுக்குத் தனி மீட்டரு இருக்குதுங்க" என்று அம்மா வழக்கமான விவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர் மாடியைப் பார்க்கவில்லை. பின்பக்கத்து அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பகுதியில் தெருவெங்கும் பறக்கும் பனியன் கழிவு நூலில் ஒரு கொத்தை வாயில் கவ்வியபடி அணில் ஒன்று அந்த ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து மறைந்தது.

"அந்த ரூம்பை யாரும் திறக்கிறதில்லையோ?" என்று கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

அம்மாவின் முகம் வெளுத்தது. "அது எங்க கொழுந்தனாரு ரூமுங்க. ஊரை விட்டுப் போனவரு திரும்பவே இல்லீங்க. அப்பப் பூட்டுனது. உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. அணில் மச்சுல கூடு கட்டாம கை எட்டுற உயரத்துல கட்டுது. கை வராதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

வாடகை பேசி முடித்ததும் அம்மா செய்த முதல் காரியம், அந்த அறையின் பூட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, ஒரு விளக்கை ஏற்றி வைத்ததுதான். "வீட்டுக்குள்ள இருக்கற துக்கத்த அணிலு வரைக்கும் தெரிய வெச்சுட்டமே கண்ணு" என்று என்னிடம் புலம்பினாள்.

புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. திருப்பூர் ஊரை மீறி வளர்ந்து, அதன் தறிகளும் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகளும் மில்களும் அவினாசியைத் தாண்டி எங்கள் சேவூர்க் காடுகளின் ஓரம்வரை வந்து நின்றிருந்தன. ஊருக்கு வடக்கே, மழை பெய்தால் மட்டும் நீரோடும் பள்ளத்தின் இரு கரையிலும் வேலமரப் புதர்கள் உண்டு. அந்தப் புதர்களில் புள்ளிமான்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தேடித்தான் அவர் வந்திருந்தார். உரிய அனுமதியோடு சில மான்களின் கழுத்தில் வானொலி அலை அனுப்பும் பட்டை கட்டப்பட்டிருந்தது. மீன்முள் போன்ற ஓர் ஆன்டெனாவைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி பள்ளத்தின் கரையோரம் அவர் நடப்பார். எந்தத் திசையில் 'டிக் டிக்' ஒலி வலுக்கிறதோ அந்தத் திசையில் மான். இரண்டு மூன்று இடங்களில் நின்று திசை பார்த்தால் அதன் இருப்பிடம் தெரிந்துவிடும்.

நான் அப்போது கல்லூரி மாணவன். கொங்கு மண்டலத்தின் பேச்சுப் போட்டிகளில் என் பெயர் அறிவிக்கப்பட்டால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத் தயாராவார்கள் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, அது நடந்தது. 'இயற்கையும் மனிதனும்' என்று ஒரு தலைப்புக் கிடைத்தபோது, மேடையில் ஓங்கிச் சொல்ல ஓர் எண் வேண்டி மாடியேறினேன்.

"மேடம், மனுசனைக் கண்டா மான் எவ்வளவு தூரத்துல ஓடுமுங்க?"

"எந்த மான்? எந்த மனுஷன்? எந்த நேரம்?"

"பொதுவாச் சொல்லுங்க."

"பொதுவான மானை நான் பாத்ததில்லையே" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு இரக்கப்பட்டுத் தம் வேலையை விளக்கினார். அன்று அவர் சொன்னது, எந்த மேடைப் பேச்சையும்விட என்னுள் தங்கிவிட்டது. ஒரு மான் இங்கிருந்து அங்கே போகிறது. அதே நேரத்தில், அதே கால்களால், அது போயிருக்கக்கூடிய இடங்கள் பல உண்டு. போன இடத்தையும் போகாத இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணினி ஒப்பிடுகிறது. சாலை எத்தனை அருகில், வீடு எத்தனை அருகில், சூளை, கிணறு, தென்னந்தோப்பு, நிட்டிங் ஷெட் எத்தனை அருகில் என்று ஒவ்வொன்றையும் கேட்கிறது. எதை மான் எவ்வளவு விலக்குகிறது என்பதற்கு ஒவ்வோர் எடை கிடைக்கிறது.

"போன இடத்தை யாரு வேணா பாக்கலாம்" என்றார். "எங்க போகல, ஏன் போகலங்கிறதுக்குத்தான் இவ்வளவு கணக்கும்."

அந்த எடைகளில் ஒன்று என்னை வியக்க வைத்தது. இரவுபகல் கடகடக்கும் நிட்டிங் ஷெட்டை மான்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. லாரி போகும் சாலையைக்கூட ஓரளவு பொறுத்துக்கொண்டன. சத்தமே இல்லாமல் தனியாக நடந்து வரும் ஒற்றை மனிதனை எல்லாவற்றையும்விட அதிகமாக விலக்கின.

"சத்தம் பெரிசில்ல தம்பி. ஆள் கால் தரையில படணும். அதுக்குத்தான் அது பயப்படுது."

அவருக்கு எந்தக் கூட்டமும் மந்தைதான். அவினாசியில் நான் முதற்பரிசு வாங்கிய பேச்சைக் கேட்க வந்திருந்தார். கோப்பையோடு இறங்கிவந்து பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"நீ கையைத் தூக்கும்போதெல்லாம் முன்வரிசை ஒண்ணா பின்னால சாஞ்சுது" என்றார். "ஓரத்துல ரெண்டு பேரு மட்டும் சாயல."

"அவங்களுக்கு என் பேச்சுப் பிடிக்கலீங்களா?"

"இல்ல, தூங்கிட்டு இருந்தாவ."

வேடிக்கையாகத் தொடங்கி அச்சமாக மாறிய ஒரு சம்பவத்தை ஊர் நெடுநாள் பேசியது. ஒரு காலையில் பேருந்துக்காக டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம், தோட்டத்தின் நடுவில், ஒரு பெரியவர் தனியாகக் குடியிருந்த ஓட்டுவீடு. மான்காரம்மா டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல ஆள் இல்லையா?"

"இருக்காருங்க மேடம்" என்றார் டீக்கடைக்காரர். "பெரியவரு ஊட்டுக்குள்ளதான் இருப்பாருங்க. மகன் திருப்பூருல கட்டிங் மாஸ்டருங்க."

"மயில் வாசப்படியில நிக்குது."

"மயிலு எங்கீங்க நிக்கறதில்ல? எங்க ஊட்டு ஓட்டு மேல நின்னு ஓடெல்லாம் ஒடைக்குதுங்க!"

"ஓட்டு மேல நிக்கும். இது திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது பாருங்க."

கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மயில் தன் நீண்ட தோகையை அந்த இருண்ட வாசலுக்குள் விட்டபடி, வெளியே பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றது. டீக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். பெரியவர் அடுப்படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, குரல் எழும்பாமல் கிடந்தார். முந்தின நாளே விழுந்திருக்க வேண்டும். உயிர் இருந்தது, பிழைத்தார்.

அவரைக் காப்பாற்றியது மான்காரம்மாதான் என்பதில் ஊருக்கு ஐயமில்லை. ஆனால் நன்றியோடு கூடவே ஒரு விலகலும் வந்தது. அவர் தெருவில் நடந்து வந்து ஏதேனும் ஒரு வீட்டின் முன் சற்று நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் அவசரமாக வெளியே வந்து நிற்பார்கள்.

"மேடம், நான் உசுரோடதான் இருக்கறனுங்க! நல்லாப் பாத்துக்கங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் தங்கள் முற்றத்தில் என்ன பறவை உட்கார்ந்திருக்கிறது என்று கள்ளத்தனமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் யாரையும் பயமுறுத்த நினைத்ததில்லை. 'நிச்சயம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. "இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது" என்பதோடு நிறுத்திவிடுவார். பேச்சாளனாகிய எனக்கு அது பலவீனமாகத் தோன்றியது. பிறகுதான், அந்த வாசகத்துக்குப் பின்னால் இருந்த கணக்கை அவ்வளவு எளிதில் அசைக்க முடியாது என்று கண்டேன்.

அவரை அசைத்தது ஒரு மில்.

ஊருக்கு வெளியே, பள்ளத்தின் கரையில், நூல் மில் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் அதன் விடுதியில் தங்கி வேலை செய்தார்கள். மூன்றாண்டு வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்பது ஏற்பாடு. பேருந்திலிருந்து பார்த்தால் உயரத்தில் வலையடித்த ஜன்னல்களும் அவற்றுக்குப் பின்னால் உலரும் வண்ணத் துணிகளும் தெரியும்.

ஒருநாள் மாடிக்குப் போனபோது அவர் சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கின்படி மான்கள் வரக்கூடிய இடங்கள் கருமையாகவும், வரமாட்டாத இடங்கள் வெளிறியும் இருந்தன. மான்கள் உண்மையில் இருந்த இடங்கள் சிவப்புப் புள்ளிகள். கருமையில்தான் சிவப்பு விழுந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், வெள்ளைவெளேரென்று இருந்த பரப்பில், ஒரு கோட்டை ஒட்டிச் சிவப்புப் புள்ளிகள் மொய்த்தன.

"இது என்னங்க கோடு?"

"ஹாஸ்டல் பின்சுவர்."

அவர் முதலில் கருவியைச் சந்தேகித்தார். சுவரில் பட்டு வானொலி அலை திரும்பினால் இடம் தவறாகக் காட்டும் என்றார். ஆகவே நேரில் பார்க்கப் பள்ளத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். பட்டப்பகலில், மான்கள் அந்தச் சுவரை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண்மான் செங்கல்லில் விலாவைத் தேய்த்தது. அதற்கு நேர் மேலே வலை ஜன்னலுக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. பேச்சுக்குரலும் சிரிப்பும்கூட எங்கள்வரை கேட்டது. மான்கள் காதைக்கூடத் திருப்பவில்லை.

அடுத்துத் தம் சூத்திரத்தைச் சந்தேகித்தார். பல இரவுகள் மாடியில் விளக்கெரிந்தது. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் அந்தச் சுவர் மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. கடைசியாக ஒரு காரியம் செய்தார். வரைபடத்திலிருந்து அந்த விடுதியை அழித்துவிட்டு, அங்கே எவரும் வசிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, கணக்கை மறுபடி ஓட்டினார்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைப் பரப்பு கருமையாகியிருந்தது. சிவப்புப் புள்ளிகள் தங்களுக்குரிய இடத்தில் அமைதியாகப் பொருந்தி இருந்தன.

"அங்க யாருமே இல்லைன்னு வெச்சுக்கிட்டா எல்லாம் சரியா வருது" என்றார்.

"இருக்காங்களே மேடம். நாம பாத்தோமே!"

"நாம பாத்தோம். மானைப் பொறுத்தவரை அங்க யாரும் இல்ல."

நான் மறுபடி அந்தச் சுவர்க் கோட்டைத் தேடினேன்; கருமைக்குள் அது தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் மில் பெண் ஒருத்தியின் தந்தை வந்தார். டீக்கடையில் மான்காரம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து கருப்பட்டி மணந்தது.

"தாயி, நீங்க நம்ம பக்கமா?"

"ஆமா. உக்காருங்க."

மகள் அந்த மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாகிறது. பார்க்கப் பலமுறை வந்துவிட்டார். ஒரு தடவையும் பார்க்க முடியவில்லை.

"வாச்மேன் என்ன சொல்லுதாரு?"

"வெளிய போயிருக்கான்னு சொல்லுதாவ. ஒருக்க கடைக்குப் போயிருக்கான்னாவ. ஒருக்க கோயிலுக்கு. இன்னைக்கும் வெளிய போயிருக்காளாம். பொழுது அடையுத வரைக்கும் கேட்டுல நிக்கேன், ஒருத்தி திரும்பி வரக் காணோம். பின்னால இன்னொரு கேட்டு இருக்கு, அதுவழியா வந்திருப்பான்னு சொல்லுதாவ." அவர் குரல் தணிந்தது. "ஊர்ல கேக்காவ தாயி. எந்நேரமும் வெளிய சுத்துதவள யாரு கட்டுவான்னு. எம்பிள்ள அப்படிப்பட்டவ இல்ல. ஆனா எனக்கே இப்ப... என்னைப் பாக்கப் பிடிக்காமத்தான் வெளிய போயிருதாளோன்னு இருக்கு."

போலீசுக்குப் போகலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு பெண்ணின் பெயர் புகாரில் ஏறினால் அவர் ஊரில் என்ன ஆகும் என்பது இருந்தது. மனைவி படுக்கையில் கிடக்கிறாள். மகளைக் கண்ணில் காட்டு என்கிறாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மான்காரம்மா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"உங்க பிள்ள வெளிய போகல. உள்ளதான் இருக்கா."

"பாத்தீயளா தாயி?" தந்தை எழுந்தே விட்டார்.

"பாக்கல."

"பின்ன எப்படிச் சொல்லுதிய?"

"மான் சுவர் ஓரமா மேயுது."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லையோ என்று கேட்கும் பார்வை. அதற்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? வரைபடத்தையும் எடைகளையும் விளக்கத் தொடங்கினால் அந்த ஐயம் உறுதிப்பட்டிருக்கும்.

ஆனால் மான்காரம்மா தம் முடிவோடு நின்றுவிடவில்லை. அங்கேதான் அவர் எனக்குத் தெரிந்த மற்ற அறிவாளிகளிடமிருந்து வேறுபட்டார். மான்களைப் பார்க்க அனுமதி கேட்பவர்போல் என்னையும் கூட்டிக்கொண்டு மில் மேலாளரிடம் நேரே போனார். மேலாளர் மரியாதையான மனிதர். காபி வரவழைத்தார்.

"நம்ம புள்ளைங்க பொழுதோட பின்கேட்டுல போயிக் காத்தாட நடந்துட்டு வருவாங்களுங்க. மானெல்லாம் அவங்களுக்குப் பழக்கமாயிருச்சுங்க மேடம். ஆடுமாடு மாதிரிங்க, பக்கத்துல போனாக்கூட மெரளாது!"

திரும்பி வந்ததும் மான்காரம்மா வீட்டுப் படியில் நின்று, "அவரு சொல்றதும் சரியா இருக்கலாம்" என்றார்.

"மேடம், அவரு பொய் சொல்றாருங்க!"

"இருக்கலாம். ஆனா பழகிப்போன மானும் சுவர் ஓரமாத்தான் மேயும். என் கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் தெரியாது. அந்தப் பிள்ளைங்க தரையில கால் வைக்கும்போதுதான் தெரியும். பழகின மான் தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி குனியும். பழகாததா இருந்தா ஓடும்."

கால் வைப்பது எப்படி? அதற்கு வழி என்னிடம் இருந்தது. அந்த மில்லின் பொங்கல் விழாவுக்குச் சிறப்புப் பேச்சாளனாக நான் அழைக்கப்பட்டிருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி விருந்தினராக வருகிறார் என்றும், அவர் மகிழும்படிப் பேச வேண்டும் என்றும் மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் குத்தம் சொல்லாத" என்றார் மான்காரம்மா. "அவரு சொன்னதையே நல்லதாச் சொல்லு."

விழா பிற்பகலில் நடந்தது. பெண்கள் ஒரே நிறத் தாவணியில் வரிசையாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். நான் நடுவர் முன் நிற்பதுபோல் நின்று தொடங்கினேன். உழைப்பைப் போற்றினேன், நூலைப் போற்றினேன், மேலாளரின் தாயுள்ளத்தைப் போற்றினேன். பிறகு சொன்னேன்:

"நாள்தோறும் மாலையில் இந்தச் சகோதரிகள் பின்வாசல் வழியே உலவச் செல்கிறார்கள். காட்டு மான்களும் அவர்களைக் கண்டு அஞ்சுவதில்லை. இதை என்னிடம் சொன்னவர் மதிப்புக்குரிய மேலாளரே. அவையோரே, மானும் மங்கையரும் ஒன்றாய் உலவும் காட்சியை நம் விருந்தினர் காணாமல் திரும்பலாமா? மாலை வந்துவிட்டது. மான்களும் வந்துவிட்டன. வாசலைத் திறப்போம்."

என் வாழ்வில் மிகக் குறைந்த கைதட்டல் பெற்ற பேச்சு அது. விருந்தினர் ஒருவர் மட்டும் மகிழ்ச்சியோடு கைதட்டி எழுந்தார். "மான் இருக்கா இங்கே? வாங்க, பார்க்கலாம்!" மேலாளர் சிரித்தபடி எழுந்தார், எழாமல் இருக்க அவருக்கு வழியில்லை.

பின்கதவின் சாவி கிடைக்கவில்லை. வாச்மேன் உள்ளே ஓடினார், வெளியே ஓடினார்.

"சார், அந்தச் சாவி எதுலீங்க இருக்கும்?"

"தினமும் தொறக்கற சாவி எங்கீன்னு என்கிட்டக் கேக்கற?" என்று மேலாளர் விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார்.

"தினமுமுங்களா சார்?" என்றார் வாச்மேன், அப்பாவியாக.

பூட்டைக் கல்லால் அடித்தார்கள். பெண்கள் எங்களுக்குப் பின்னால் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கதவின் இடுக்கு வழியே பார்த்தேன். அத்தனை அடிக்கும் மான்கள் அசையவில்லை. சுவரோரம் குனிந்து மேய்ந்துகொண்டே இருந்தன. இரும்பில் கல் மோதும் ஓசையின் நடுவே அந்த அமைதியான மேய்ச்சலைப் பார்ப்பது கனவில் பார்ப்பதுபோல் இருந்தது. பூட்டு விழுந்தது. கதவு திறக்கவில்லை. நாலைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளியபோது, வெளிப்புறத்தில் கதவோடு சேர்ந்து எழும்பியிருந்த ஒரு கறையான் புற்று உடைந்து சரிந்தது.

விருந்தினர் அந்தப் புற்றைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார்.

பள்ளத்தின் அக்கரையில், வெகுதூரத்தில், மான்காரம்மா ஆன்டெனாவைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். அவரருகே மஞ்சள் பையோடு அந்தத் தந்தை.

"போங்க புள்ளைங்களா, தினமும் போற மாதிரி போங்க" என்றார் மேலாளர்.

யாரும் போகவில்லை. திறந்த வாசலுக்கு முன்னால் அத்தனை பேரும் நின்றார்கள். பிறகு ஒரு பெண், மெலிந்தவள், வாசலைக் கடந்து மண்ணில் காலை வைத்தாள்.

எல்லா மான்களும் ஒரே கணத்தில் தலை தூக்கின. காடே மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. அடுத்து ஓர் அலறல். மானின் எச்சரிக்கைக் குரல் அத்தனை கூர்மையானது என்று அதுவரை நான் அறிந்ததில்லை. மந்தை முழுதும் சிதறிப் பாய்ந்தது. ஒன்றின்மேல் ஒன்று மோதி, புதரைக் கிழித்து, பள்ளத்தைத் தாண்டி, புழுதி மட்டும் மிஞ்சும்படி மறைந்தது.

"கூட்டத்தைப் பாத்து மெரண்டிருச்சுங்க" என்றார் மேலாளர்.

புழுதி அடங்கியதும் அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எம்மா! ஏ பிள்ள!" முதலில் வெளியே வந்தவள் அந்தக் குரலைக் கேட்டாள். அவள்தான் அவர் மகள் என்பது பெரும் தற்செயல் என்று பிறர் சொன்னார்கள். அக்கரையில் நின்ற அந்த மஞ்சள் பையைக் கதவு திறந்த நொடியே அவள் பார்த்திருப்பாள் என்பது என் எண்ணம். தந்தை பள்ளத்தில் இறங்கி விழுந்து எழுந்து ஓடிவந்தார். அருகில் வந்ததும் அவளைத் தொடவில்லை; ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கன போயிருந்த நீ? எத்தனை தடவை வந்தேன்! வெளிய போயிருக்க, வெளிய போயிருக்கன்னாவளே!"

"எங்கப்பா போக? இந்தக் கதவு தொறந்து இன்னைக்குத்தான பாக்கேன். நீங்க வந்ததே எனக்குத் தெரியாதே."

அவர் அவள் கையைப் பிடித்தார். பிடித்த கையை அதன்பின் விடவில்லை. விருந்தினர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டதால், இவளை இன்று அழைத்துப் போக முடியாது என்று சொல்லும் துணிவு மில்லில் எவருக்கும் வரவில்லை. அன்று போனவள் இவள் ஒருத்திதான். மற்றவர்களுக்காகப் பிறகு நடந்த விசாரணைகளும் வாக்குவாதங்களும் நீண்டன. அவற்றைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள், அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள், இருக்கிறார்கள்.

மான்காரம்மா மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். அவர் கணக்கு மெய்யாயிற்று என்று நான் உற்சாகமாக ஏதோ சொன்னேன். அவர் சுவரடியில் குளம்புகள் மிதித்து மிதித்துப் பட்டுப்போல் ஆகியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்படும்போது அந்தப் பெண் தந்தையை நிறுத்திவிட்டு இவரிடம் வந்தாள். தன் பக்கத்துப் பேச்சு என்று தெரிந்து வந்தாளோ, கையிலிருந்த கருவியைப் பார்த்து வந்தாளோ, தெரியவில்லை.

"அக்கா, அதுக ஏன் அப்படி ஓடிச்சு?"

இவர் ஆன்டெனாவைத் தரையில் சாய்த்து வைத்தார்.

"எங்க ஜன்னலுக்குக் கீழதான் எந்நேரமும் நிக்கும். நாங்க கூப்பிடுவோம், பாடுவோம், அப்பக்கூட அசையாது. வலை இடுக்கு வழியா வாழைப்பழத் தோலு போட்டா திங்கும். காது கிழிஞ்ச ஒண்ணு உண்டு, அது எனக்குன்னு வெச்சிருந்தேன். எங்களை அதுக்குத் தெரியும்னு நினைச்சிருந்தோம்." புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு இங்க வருமா?"

"வராது."

"ஏன்?"

"நீ வெளிய வந்துட்டல்லா" என்றார் அவர்.